காய்ந்த தண்டுகளை வெட்ட வேண்டாம்

சிறையிலிருந்து,
6 அக்டோபர் 1996

லொரைன்,

போன ஞாயிறு பார்வை நேரம் முடியும் முன்பே எழுந்து போய்விட்டாய். நான் அங்கேயே உட்கார்ந்து, ஆறிப்போன உன் தேநீரையும் சேர்த்துக் குடித்தேன். வசந்தம் வரை பொறுத்துப் பார்ப்பேன், அதற்கு மேல் முடியாது, வீட்டை விற்றுவிட்டு ஸ்கார்பரோவில் அக்கா பாலினோடு போய் இருந்துகொள்வேன் என்றாய். அவள் பல வருஷமாக உன்னைக் கூப்பிட்டுக்கொண்டிருப்பது எனக்கும் தெரியும். தொலைபேசியில் பேசினால் சண்டைதான் வருகிறது. வரிசையில் பின்னால் நிற்கிறவர்கள் வேறு காதைத் தீட்டிக்கொண்டு நிற்கிறார்கள். அதனால்தான் எழுதுகிறேன்.

மே மாதம் என்னை விடுவார்கள். நடுவில் ஒரு முழுக் குளிர்காலம் கிடக்கிறது. அதைத் தாண்ட உனக்கு ஏதாவது செய்து தரவேண்டும் என்று யோசித்தால், என்னிடம் இருப்பது ஒரு பென்சிலும் நம் முன்பக்கத் தோட்டமும்தான்.

நகராட்சிப் பூங்காவில் நாங்கள் எப்படிச் செய்வோம் என்று உனக்குத் தெரியும். அக்டோபர் வந்தால் எல்லாவற்றையும் தரையோடு வெட்டி, மண்ணைப் புரட்டிப் போட்டு, மார்ச் வரைக்கும் வெறும் மண்ணையே பார்த்துக்கொண்டிருப்போம். வீட்டிலாவது அப்படி வேண்டாம் என்று மூன்று வருஷமாகக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றி நட்டேன். இந்தக் குளிர்காலத்தில்தான் எல்லாம் கூடி வரப்போகிறது, பார்க்க நான் இல்லை.

பின்பக்கத்தில் படம் வரைந்திருக்கிறேன். பாதைக்கு இடது பக்கம் இருக்கும் உயரப் புல் வைக்கோல் நிறத்துக்கு வரும். விட்டுவிடு. சீடம் பூக்கள் தட்டையாகக் காய்ந்து பழுப்பாகும். அதையும் விட்டுவிடு. ஹைட்ரேஞ்சியா பூக்கொத்துகள் காகிதம் மாதிரி ஆகும், கை வைக்காதே. மூலையில் இருக்கும் டாக்வுட் புதர் இலையை உதிர்த்ததும் தண்டெல்லாம் சிவப்பாகத் தெரியும். அதை வெட்டுவது மார்ச்சில்தான். ஆக, உனக்கு வேலையே இல்லை. கத்தரியைத் தொடாமல் இருந்தால் போதும்.

ஒரே ஒரு வேலை உண்டு. நவம்பரில் ஒருநாள் வெந்நீரும் பிரஷ்ஷும் எடுத்துப்போய் முன்பக்கத்துப் பிர்ச் மரத்தின் அடிமரத்தைக் கழுவி விடு. பாசி போனால் வெள்ளையாக நிற்கும். சோப்பு போடாதே.

என் அறைக்காரர் லிவர்பூல்காரர், இதை எட்டிப் பார்த்துவிட்டார். "என்னய்யா இது, செத்த செடிய வெட்டாதேன்னு பொண்டாட்டிக்கு ஒரு கடுதாசியா? என் பொண்டாட்டிக்கு இப்படி எழுதினா செடிய விட்டுட்டு என்னை வெட்டுவா" என்கிறார்.

நெவில்


15 அக்டோபர்

நெவில்,

உன் கடிதம் வந்தது. உறையின் மேல் சிறையின் பெயர் அச்சாகி இருப்பதால் புதுத் தபால்காரர் அதை எப்போதும் கவிழ்த்தே வைத்துவிட்டுப் போகிறார். நல்ல மனுஷன். அவர் ஏன் புதிதாக வந்தார் என்பதைத்தான் தாங்க முடியவில்லை.

ஒரு பக்கம் முழுக்கச் செடியாக எழுதியிருக்கிறாய். பெவர்லியின் பெயர் எங்கே? ஒரு டிராக்டரை முந்துவதற்காக வளைவில் வண்டியை எடுத்தது நீ. எதிரே தபால் பையோடு சைக்கிளில் வந்தது அவள். போன வாரம்தான் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கூட்டி வந்தார்கள். இடது கால் இனி பழையபடி ஆகாதாம். மாடி ஏற முடியாததால் முன்னறையில் ஜன்னலோரம் கட்டில் போட்டிருக்கிறார்கள். எதிர் வீடு என்பதை நீ மறந்திருந்தால் ஞாபகப்படுத்துகிறேன். அவள் ஜன்னல் நேராக நம் வாசலைப் பார்க்கிறது. காலையில் பள்ளிக்கூடச் சமையலறைக்குக் கிளம்பும்போது தலையை எந்தப் பக்கம் திருப்புவது என்று தெரியாமல், செருப்பைப் பார்த்துக்கொண்டே நடக்கிறேன்.

நேற்று பக்கத்து வீட்டு ஹரால்ட் வேலிக்கு மேல் தலையை நீட்டினார். "என்ன லொரைன், எல்லாம் காஞ்சு கிடக்கே. ஒரு கை கொடுக்கட்டுமா?" என்றார். வேண்டாம், நெவில் அப்படித்தான் திட்டம் போட்டிருக்கிறார் என்றேன். "திட்டமா?" என்று கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் புல்லையே பார்த்துக்கொண்டு நின்றார். உனக்கு உள்ளே போனதும் மூளை கலங்கிவிட்டது என்று நினைத்திருப்பார். அவர் வீட்டுப் புல்தரையைத்தான் நீ பார்த்திருக்கிறாயே, நாவிதரிடம் போய் வந்தது மாதிரி இருக்கும்.

உனக்கு இது புரியாது, நெவில். இந்தத் தெருவில் ஒருத்தி வீட்டுக்குள் எப்படி வேண்டுமானாலும் இருக்கலாம். முன்பக்கத்தை வெட்டாமல் விட்டால் முடிந்தது கதை. புருஷன் ஜெயிலுக்குப் போனதும் எல்லாவற்றையும் கைவிட்டுவிட்டாள், பாவம் என்பார்கள். அந்தப் 'பாவம்' என்ற சொல்தான் எனக்கு ஆகவில்லை.

வெட்டவில்லை. உனக்காக என்று நினைத்துக்கொள்ளாதே. குனிந்து நிமிர உடம்பில் தெம்பில்லை, அவ்வளவுதான்.

லொரைன்


27 அக்டோபர்

லொரைன்,

பெவர்லிக்கு நான் எதுவும் எழுதக் கூடாது, யார் மூலமாகவும் சொல்லி அனுப்பக் கூடாது என்று வக்கீல் சொல்லியிருக்கிறார். உனக்கு எழுதும்போது அவள் பெயரை எழுதலாம். எழுதினால் அடுத்த வரி என்ன என்றுதான் தெரியவில்லை. செடியைப் பற்றி என்றால் அடுத்த வரி தானாக வருகிறது. நான் செய்தது இதைக் கொண்டு சரியாகிவிடும் என்று நினைக்கிற அளவுக்கு முட்டாள் இல்லை.

இங்கே ஒரு தோட்டக் குழு இருக்கிறது. சேர்த்துக்கொள்ளுங்கள், எனக்கு வேறு எதுவும் தெரியாது என்று கேட்டேன். "எல்லாருக்கும் வெளியே போகணும்னுதான் ஆசை, வரிசையில நில்லுப்பா" என்றார் அதிகாரி. காலைச் சாப்பாட்டுப் பொட்டலம் கட்டும் வேலையில் போட்டிருக்கிறார்கள். ஒரு பை சர்க்கரை, ஒரு பை தேயிலை, கொஞ்சம் பால்பொடி. முற்றத்தில் இருந்த சாமந்தியை எல்லாம் பிடுங்கிவிட்டார்கள். என் ஜன்னலுக்கு வெளியே இப்போது வெறும் மண்.

ஹரால்டைக் கத்தரியோடு உள்ளே விடாதே. நல்லவர்தான், ஆனால் எதைப் பார்த்தாலும் வெட்டத் தோன்றுகிற கை அவருக்கு.

நெவில்


24 நவம்பர்

நெவில்,

உன் மரத்தைக் குளிப்பாட்டியாயிற்று.

ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் சர்ச்சுக்குப் போயிருப்பார்கள் என்று நினைத்துத்தான் வாளியைத் தூக்கிக்கொண்டு போனேன். முழங்கால் உயரத்திலிருந்து தொடங்கினேன். அழுக்கு பச்சையாக ஒழுகிக் கையில் வழிந்து, சட்டைக்குள் இறங்கி, முழங்கை வரை நனைந்தது. மேலே எட்டாததால் சமையலறை ஸ்டூலைக் கொண்டுவந்து போட்டு ஏறினேன். ஒரு கால் மண்ணுக்குள் இறங்கிவிட்டது. மரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நான் நிற்கிற நேரம் பார்த்துத்தானா சர்ச் விடவேண்டும்! தெருவே வந்தது. யாரும் சிரிக்கவில்லை. "காலை வணக்கம் லொரைன்" என்று ஒவ்வொருத்தராகச் சொல்லிக்கொண்டு போனார்கள், மரத்தைக் கட்டிப்பிடித்து நிற்பது தினமும் நடக்கிறது போல. சிரித்திருந்தால் தேவலை.

உள்ளே வந்து கையைத் துடைத்துக்கொண்டு, வெகு நேரம் அழுதேன். எதற்கு என்று கேட்காதே. களைப்புதான். காலையில் நூறு பிள்ளைகளுக்கு உருளைக்கிழங்கு மசித்துவிட்டு வீட்டுக்கு வந்தால் பேச ஆளில்லை. பேச ஆளிருக்கும் இடத்துக்குப் போனால் பேச்சை நிறுத்திவிடுகிறார்கள். பாலின் நேற்றும் கூப்பிட்டாள். தன் கடைக்கு மேல் உள்ள அறையை எனக்காக வெள்ளையடித்து வைத்திருக்கிறாளாம்.

மரம் வெள்ளையாகத்தான் இருக்கிறது. அதை ஒப்புக்கொள்கிறேன்.

லொரைன்


8 டிசம்பர்

லொரைன்,

நீ ஸ்டூலில் ஏறுவாய் என்று தெரிந்திருந்தால் கேட்டிருக்கவே மாட்டேன். கால் சுளுக்கவில்லையே?

இங்கே எழுத ஒன்றுமில்லை. உறைபனி விழுந்தால் தோட்டம் எப்படி இருக்கிறது என்று மட்டும் எழுது. சுருக்கமாக எழுதினாலும் போதும். அறைக்காரரும் தினமும் கேட்கிறார், "உன் வைக்கோல் எப்படி இருக்கு?" என்று. கேலிக்குத்தான் கேட்கிறார். ஆனால் கேட்கிறார்.

நெவில்


29 டிசம்பர்

நெவில்,

கிறிஸ்துமஸுக்கு மறுநாள் விழுந்தது. சுருக்கமாக எழுத வரவில்லை.

காலையில் பால் புட்டியை எடுக்கக் கதவைத் திறந்தேன். நீ வெட்டாதே வெட்டாதே என்று உயிரை வாங்கினாயே, அது ஒவ்வொன்றும் வெள்ளை விளிம்பு கட்டி நின்றது. சீடம் தலைகளின் மேல் மாவு சலித்தது மாதிரி பனி. புல் முழுக்க வெளிச்சம். அதற்கு நடுவே அந்தச் சிவப்புத் தண்டுகள். நான் பால் புட்டியைப் பிடித்துக்கொண்டு, வீட்டுச் செருப்போடு, கை மரத்துப்போகும் வரை நின்றேன். அழகாக இருந்தது, நெவில். நீ சொன்னபடியே இருந்தது. உன் மேல் இருக்கிற கோபம் குறையாமலே நான் அப்படி நின்றேன். இரண்டும் ஒரே நேரத்தில் இருக்க முடியும் என்று எனக்கு இதுவரை தெரியாது.

மலையில் நடக்க வந்த லீட்ஸ்காரர்கள் கேட் பக்கத்தில் நின்று போட்டோ எடுத்தார்கள். யார் தோட்டம் போட்டது என்று கேட்டார்கள். என் வீட்டுக்காரர் என்றேன். "கொடுத்து வெச்சவங்க நீங்க!" என்றாள் அந்தப் பெண். அப்போதுதான் தலையை நிமிர்த்தி எதிர் ஜன்னலைப் பார்த்தேன். பெவர்லியைத் தலையணை வைத்து உட்கார வைத்திருந்தார்கள். எங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். சற்று நேரத்தில் யாரோ திரையை இழுத்து மூடினார்கள்.

ஒரு காலில்லாதவள் மாதிரி அவள் உள்ளே கிடக்கிறாள். அவளைக் கிடத்தியவனின் தோட்டத்தை ஊர் நின்று பாராட்டுகிறது, அவள் கண் முன்னால். பால் புட்டியோடு உள்ளே வந்து கதவைச் சாத்திக்கொண்டேன்.

லொரைன்


12 ஜனவரி 1997

நெவில்,

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். தோட்டத்தை வெட்டியாயிற்று.

நேற்று ஹரால்ட் வந்தார். தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு வாசலிலேயே நின்றார். "தப்பா நினைக்காதே லொரைன். ஊர்ல எல்லாரும் பேசிக்கிறாங்க. அந்தப் பொண்ணு நாள் பூரா அதைத்தான் பார்த்துக்கிட்டுக் கிடக்கணும். வேடிக்கை பார்க்க வேற ஆளுங்க வர்றாங்க. அது நல்லாவா இருக்கு?" என்றார். பெவர்லி ஏதாவது சொன்னாளா என்று கேட்டேன். "சேச்சே, இதையெல்லாம் போய் அவகிட்ட எப்படிக் கேக்கறது? நாமளா புரிஞ்சுக்க வேண்டியதுதான்" என்றார்.

எனக்கும் அப்படித்தான் தோன்றியது. அந்தத் திரையை மூடியதிலிருந்து எனக்கு வேறு எதுவுமே தோன்றவில்லை.

செய்யுங்கள் என்றேன். கருவிகளை முதலிலேயே கை வண்டியில் கொண்டுவந்திருந்தார். புல், சீடம், ஹைட்ரேஞ்சியா, சிவப்புத் தண்டுகள், எல்லாம் தரையோடு. மதியத்துக்குள் முடிந்துவிட்டது. பாதையைப் பெருக்கிக்கூட விட்டார். நான் தேநீர் போட்டுக் கொடுத்தேன், பிஸ்கட்டும் வைத்தேன். பிர்ச் மரம் மட்டும் நிற்கிறது. கழுவிய மரம்.

என்னைத் திட்டுவதாக இருந்தால் திட்டிக்கொள். நீ இங்கே இல்லை. அந்த ஜன்னலுக்கு எதிரே தினமும் கதவைத் திறப்பது நான்.

லொரைன்


17 ஜனவரி

லொரைன்,

வேர் இருப்பதால் எதுவும் சாகாது. மார்ச்சில் எப்படியும் வெட்டுவதுதான். போனது இந்தக் குளிர்காலம் மட்டும்தான்.

ஆனால் நான் போட்ட திட்டமே இந்தக் குளிர்காலத்துக்குத்தான். ஊருக்காக இல்லை, லீட்ஸ்காரர்களுக்காக இல்லை. டிசம்பரில் ஒன்று, ஜனவரியில் ஒன்று, பிப்ரவரியில் ஒன்று என்று நீ பார்க்க ஏதாவது இருந்தால், அடுத்தது என்ன என்று பார்க்கவாவது இன்னும் ஒரு மாதம் இருப்பாய், அப்புறம் இன்னும் ஒரு மாதம் இருப்பாய், அப்படியே மே வந்துவிடும் என்று நினைத்தேன். உன்னைப் பிடித்து வைக்க என்னிடம் வேறு எதுவும் இல்லை. அதை எடுத்து ஹரால்டிடம் கொடுத்துவிட்டாய், பிஸ்கட்டோடு.

வீட்டை விற்பதென்றால் விற்றுக்கொள். கையெழுத்துப் போட்டு அனுப்புகிறேன்.

நெவில்


9 பிப்ரவரி

நெவில்,

உன் போன கடிதத்துக்குப் பதில் எழுதக் கூடாது என்றுதான் இருந்தேன். பாலினுக்குப் போன் செய்து, மாதக் கடைசியில் வருகிறேன் என்று சொல்லியும்விட்டேன். பாத்திரங்களைப் பெட்டியில் அடுக்கத் தொடங்கினேன். வியாழக்கிழமை நடந்ததை உனக்குச் சொல்லாமல் இருக்க முடியாது, அதனால் எழுதுகிறேன்.

கதவை யாரோ கட்டையால் இடிக்கிற மாதிரி சத்தம். திறந்தால் பெவர்லி. இரண்டு கையிலும் ஊன்றுகோல். தட்டக் கை இல்லாததால் ஊன்றுகோலால்தான் இடித்திருக்கிறாள். வீட்டுக்கு வந்த பிறகு தானாக நடந்து தெருவைத் தாண்டியது அன்றுதான். முகமெல்லாம் வியர்வை, அந்தக் குளிரில். உள்ளே வா, உட்கார் என்று பதறினேன்.

"உக்கார வரல. யார் வெட்டினது?" என்றாள்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. ஹரால்ட்தான், நான்தான் சொன்னேன், உனக்காகத்தான், நீ பார்க்க வேண்டியிருக்கிறதே என்று, அன்றைக்குத் திரையைக் கூட மூடினாயே என்று என்னென்னவோ உளறினேன்.

"கட்டு மாத்த நர்ஸ் வந்தா திரையை மூடுவாங்க. அதுக்கும் ஒரு அர்த்தமா?" என்றாள். அப்புறம் ஆரம்பித்தாள், நெவில். அவள் இத்தனை பேசி நான் கேட்டதே இல்லை. "அக்டோபர்லேருந்து படுத்துக் கிடக்கேன். டிவியில ஒண்ணுமில்ல. வர்றவங்க எல்லாரும் என் காலைப் பார்க்காம சுவத்தைப் பார்த்துப் பேசிட்டுப் போறாங்க. எனக்குன்னு பார்க்க இருந்தது அது ஒண்ணுதான். அந்தப் புல்லு காத்துல என்ன பண்ணுதுன்னு பார்ப்பேன். சின்னச் சின்னக் குருவிங்க அந்தக் காஞ்ச தலையில வந்து உக்காந்து விதை தின்னும். நீங்க மரத்தைக் குளிப்பாட்டினீங்களே, அன்னைக்குத்தான் அடிபட்டதுக்கப்புறம் முதல் தடவையா சிரிச்சேன். வயிறு வலிக்கச் சிரிச்சேன். ஒருநாள் கண்ணைத் திறந்தா மொட்டையா கிடக்கு. நீங்க எல்லாருமா சேர்ந்து முடிவு பண்ணிட்டீங்க. தெருவைத் தாண்டி வந்து என்கிட்ட ஒரு வார்த்தை கேக்க ஒருத்தருக்கும் வாய் வரல. என்னாலதான் தாண்ட முடியல. உங்களுக்கெல்லாம் கால் நல்லாத்தானே இருக்கு?"

நான் அழுதுவிட்டேன். உனக்கு நெவில் மேல் கோபமில்லையா என்று கேட்டேன், மடத்தனமாக.

"கோபமில்லையாவா? அந்த ஆளை நினைச்சா பல்லைக் கடிச்சுக்கிட்டுதான் கிடக்கேன். அது என் கோபம், நான் வெச்சுக்குவேன், அதுக்காக யாரும் செடிய வெட்ட வேண்டாம். எனக்கு அந்த ஆளைப் பிடிக்காது. அந்தத் தோட்டம் பிடிக்கும். திரும்பக் கொண்டாங்க" என்றாள்.

பிப்ரவரியில் எப்படித் திரும்பக் கொண்டுவருவது என்று எனக்குத் தெரியவில்லை. அவளுக்கும் தெரியவில்லை. தெரிந்தது உனக்கு மட்டும்தான், நீ வீட்டை விற்றுக்கொள் என்று எழுதிவிட்டு உட்கார்ந்திருக்கிறாய். அடுக்கிய பாத்திரங்களில் கெட்டிலை மட்டும் திரும்ப எடுத்து அவளுக்குத் தேநீர் போட்டேன். போகும்போது நான் தாங்கிப் பிடிக்கப் போனேன், "தொடாதீங்க" என்றாள். பின்னாலேயே நடந்து போய் விட்டுவந்தேன்.

நீ அந்தத் தோட்டத்தை எனக்காகத்தான் போட்டாய் என்பது தெரியும். உன் கடிதம் வரும் முன்பே தெரியும். ஆனால் நான் அதை வாசலில் நின்று பார்த்தது ஒரே ஒருநாள். அவள் தினமும் பார்த்திருக்கிறாள்.

லொரைன்


14 பிப்ரவரி

லொரைன்,

உன் கடிதத்தை அறைக்காரரிடம் கொடுத்துவிட்டேன். என்னால் மறுபடி படிக்க முடியவில்லை, அவர் சத்தம் போட்டுப் படித்தார். முடித்துவிட்டு அவர் கேலி எதுவும் செய்யவில்லை.

செய்யக்கூடியது கொஞ்சம் உண்டு. முன்பக்கத்தில் இனி இந்த வருஷம் உயரம் கிடைக்காது. தரையோடு ஒட்டிய பூ கிடைக்கும். பின்பக்கத்தில், நீ பாத்திரம் கழுவும் ஜன்னலுக்கு நேரே சின்னச் சின்ன வெள்ளைப் பூவாக ஸ்னோடிராப் இப்போது பூத்திருக்கும். அதைப் பூவோடு தோண்டி நடலாம், கோபிக்காது. மண்வெட்டியை ஆழமாக இறக்கு, மண்ணோடு எடு, உதறாதே. கைப்பிடி அளவு பிரித்து, பிர்ச் மரத்தைச் சுற்றி வட்டமாக நடு. அதே உயரத்துக்குத்தான் புதைக்க வேண்டும். அதன் பக்கத்தில் இருக்கும் கிறிஸ்துமஸ் ரோஜா இடம் மாற்றினால் கொஞ்சம் முகம் சுளிக்கும், ஆனாலும் பிழைத்துவிடும். அதன் பூ தலை கவிழ்ந்து இருக்கும், எதிர் வீட்டிலிருந்து தெரியாது. மேட்டில் வைத்தால் தெரியும். நன்றாகத் தண்ணீர் விடு.

அவை உனக்காக நட்டவை. எல்லாவற்றையும் எடுத்துவிட்டால் உன் ஜன்னலுக்கு வெளியே ஒன்றும் இருக்காது. நீதான் முடிவு செய்ய வேண்டும். எனக்கென்றால் கொடுத்துவிடலாம் என்று தோன்றுகிறது.

வீட்டை விற்றுக்கொள் என்று எழுதியது கோபத்தில். விற்காதே. போகாதே, லொரைன். இதை முதல் கடிதத்திலேயே எழுதியிருக்க வேண்டும். செடியை எழுதினேன்.

நெவில்


9 மார்ச்

நெவில்,

மூன்று சனிக்கிழமை ஆனது. முதுகு என்னுடையதில்லை போல இருக்கிறது. பின்பக்கத்துப் பூ எல்லாவற்றையும் எடுத்து முன்பக்கம் நட்டேன். ஒரு கொத்து மட்டும் எனக்கென்று விட்டு வைத்தேன், அதில் வெட்கமில்லை.

பெவர்லி ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு, போர்வையைச் சுற்றிக்கொண்டு, ஊன்றுகோலால் காட்டிக்கொண்டே இருந்தாள். "இன்னும் கொஞ்சம் இந்தப் பக்கம். அங்க வெச்சா தெரியல. ஐயோ, நீங்க மறைக்கிறீங்க லொரைன், நகருங்க!" கட்டிட மேஸ்திரி தோற்றுப்போவார். ஹரால்ட் வேலியில் தலையை நீட்டினார். தெருவுக்கே கேட்கிற மாதிரி அவள் கத்தினாள்: "ஹரால்ட், கத்தரி கையில இருக்கா?" மனுஷன் முகம் சிவந்து உள்ளே போனவர், கொஞ்ச நேரத்தில் மண்வெட்டியோடு வந்து குழி வெட்டிக் கொடுத்தார். குழியெல்லாம் நேர்க்கோட்டில் வெட்டியிருந்தார், நான்தான் கலைத்து வைத்தேன்.

முடித்ததும் அவள் வீட்டுக்குப் போய் உட்கார்ந்தேன். நீ மே மாதம் வருகிறாய் என்று நானே சொன்னேன். வேறு யாரோ சொல்லித் தெரிய வேண்டாம் என்று. ஊன்றுகோலைச் சுவரில் சாய்த்து வைத்தாள். அப்புறம் சொன்னாள்: "அவர் வீடு, வரட்டும். வரக் கூடாதுன்னு நான் சொல்ல முடியுமா? ஆனா அந்தத் தோட்டத்துல அவர் நிக்கறதைப் பார்த்தா நான் திரையை மூடிக்குவேன். மூடின திரையை நான் பார்த்தது போதும்."

ஆகவே கேள், நெவில். நீ பின்பக்கச் சந்து வழியாக வா, சமையலறைக் கதவு வழியாக உள்ளே வா. முன்பக்கம் உன்னுடையதில்லை. படம் நீ போடு, மண்ணை நான் வெட்டுகிறேன், எது எங்கே என்று அவள் சொல்லட்டும். நீ போட்ட தோட்டத்தில் நீ நிற்கக் கூடாது, அவளாக வேறு மாதிரி சொல்லும் வரை. அவள் கடைசி வரை சொல்லாமலே போகலாம். நீ அதற்கும் தயாராக இருக்க வேண்டும்.

முடியுமென்றால் எழுது. பாலினிடம் மாதக் கடைசி என்றதைத் தள்ளிப் போட்டிருக்கிறேன், வரமாட்டேன் என்று இன்னும் சொல்லவில்லை. பாத்திரங்கள் பாதி பெட்டியில்தான் இருக்கின்றன. நான் களைத்துப் போயிருக்கிறேன், என்னைப் பேசிக் கரைக்கப் பார்க்காதே. ஆம் அல்லது இல்லை, அது போதும்.

லொரைன்


13 மார்ச்

லொரைன்,

ஆம்.

அடுத்த குளிர்காலத்துக்கு வரையத் தொடங்கினேன், பாதியில் நின்றுவிட்டேன். இத்தனை வருஷமும் நம் வீட்டு வாசலில் நின்று பார்த்துத்தான் வரைந்திருக்கிறேன். பெவர்லியின் கட்டிலிலிருந்து பார்த்தால் பிர்ச் மரம் எதை மறைக்கிறது, எது வரை தெரிகிறது என்று நீயாகக் கேட்டு எழுது, நான் கேட்டதாகச் சொல்லாதே. அங்கிருந்து வரைகிறேன்.

நெவில்